விடயம்: நொய்ஸ் (மின் இரைச்சல்) அடிக்கும் 12 வோல்ட் சப்ளை – நான்காவது கடிதம்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லடியில் சின்ன வேலைத்தளம் வைத்து, இறால் குளங்களுக்கு பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளக்கும் கருவி செய்து கொடுக்கிறேன். ஆவணியில் உங்களிடம் வாங்கிய, 230 வோல்ட் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் 40 சப்ளையைப் பற்றி இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டேன். போன் எடுத்த கணக்கு எனக்கே தெரியாது.

அந்தச் சப்ளை போட்ட பெட்டிகளில் 7.8 காட்ட வேண்டிய இடத்தில் 7.1க்கும் 8.5க்கும் இடையில் ஆடுகிறது. வாகரையில் ஒரு பண்ணைக்காரர் 7.1ஐ நம்பி, பி.எச்.ஐக் கூட்டச் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்தே விட்டார். நல்லகாலம், கொட்ட முன்னம் எனக்கு போன் எடுத்தார்.

முதலில் என்னுடைய போர்டைத்தான் சந்தேகித்தேன். கிரவுண்ட் தடத்தை வெட்டி மாற்றி இரண்டு கிழமை மாரடித்தேன். கடைசியில் சப்ளையைக் கழற்றிவிட்டு மோட்டார்சைக்கிள் பற்றரியைக் கொடுத்தால், 7.8 அசையாமல் நின்றது. மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்பிலும் பார்த்தேன். புரோபின் நீளமான கிரவுண்ட் வயரே ஏரியல் மாதிரி நொய்ஸ் பிடிக்கும் என்பதால், அதைக் கழற்றிச் சின்ன ஸ்பிரிங் வைத்துத்தான் பார்த்தேன். 15 மைக்ரோசெக்கனுக்கு ஒரு முள். மெயின்ஸ் உறுமல் என்றால் 20 மில்லிசெக்கன் கணக்கில் அல்லவா வரும்? இது உங்கள் சப்ளை உள்ளே கரண்டை வேகமாக வெட்டி வெட்டி விடும் சுவிச்சிங்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு உங்கள் சேவிஸ் பிரிவில் ஒருவர் கேட்டது: "தம்பி, உங்கட பக்கம் வீடுகள்ல ஏர்த் எல்லாம் இருக்கா?" பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. எனக்கு வயது 52. தம்பியாம்.

நேரில் கொண்டுவரச் சொன்னதும் அவர்தான். இரவு மெயிலில் குந்தியிருந்து வந்து விடியக் கொழும்பு கோட்டையில் இறங்கினேன். கவுண்டரில் ஒரு பொடியன் மல்டிமீட்டரை வைத்து "12.04, ஓகே" என்றான். மூன்று நிமிடம்! சராசரி வோல்ட்டைக் காட்டும் மல்டிமீட்டரிலா நொய்ஸ் தெரியும்? மேல்மாடியில் ஸ்கோப் இருக்கிறதாம், அதைத் தொடுகிறவர் லீவாம். அன்றிரவே திரும்பினேன்.

கோபத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். போன வருடத்துச் சப்ளை ஒன்றைத் திறந்து புதியதற்குப் பக்கத்தில் வைத்தேன். பழையதில் டிரான்ஸ்போமருக்கு அருகே நொய்ஸை அடக்கும் நீல வட்டக் கப்பாசிட்டர் இருக்கிறது. புதியதில் அந்த இடத்தில் இரண்டு வெறும் ஓட்டை, 'சி.வை. 1' என்ற எழுத்து மட்டும். உள்வரும் பக்கத்தில் நொய்ஸைத் தடுக்கும் சோக்குக்குப் பதில் கம்பித் துண்டு. அதே மாடல், அதே ஸ்டிக்கர், விலைதான் கூட. பழைய கப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதில் வைத்தேன், ஆட்டம் 0.1க்குள் அடங்கியது. மற்றதுகளுக்கும் நானே போடலாமே என்பீர்கள். 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில் இருக்கிற சாமான் அது. கண்டதைப் போட்டு ஈரக்கையோடு நிற்கிற மனிதனைக் கொல்ல என்னால் முடியாது.

என் தொழிலே படுத்துவிட்டது. வாகரை முதல் களுவாஞ்சிக்குடி வரை என் பெயர் நாறிப்போனது. கோடி ரூபா நட்டம் என்றாலும் தகும்.

ஆறு வருடமாக உங்களிடம்தான் வாங்குகிறேன், முறித்துக்கொள்ள விருப்பமில்லை. தயவுசெய்து 40ஐயும் பழைய மாதிரியிலேயே மாற்றித் தாருங்கள், ரயில் காசையும் சேர்த்து. 14 நாள் பார்ப்பேன். பிறகு இந்தக் கடிதம் இரண்டு சப்ளையின் படத்தோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும். அவர்களுடைய முறைப்பாட்டு போன் இலக்கம் 1977ஐ அழுத்த எனக்கும் தெரியும்.

பதில் சொல்வதென்றால் அந்த ஸ்கோப் தொடுகிறவரை எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள். லீவு முடிந்திருக்கும்தானே.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்