சாவி யாரிடம், பொறுப்பு யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொத்துக்கு ‘எக்ஸிகியூட்டர்’ ஆவது யார் என்று அவருடைய பிள்ளைகளுக்குள் மூண்ட தகராறு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். முதலில் ஒரு சொல் திருத்தம். எக்ஸிகியூட்டர் என்பவர் உயிலை நிறைவேற்றுவதற்காக அந்த உயிலிலேயே குறிக்கப்படுபவர். உயிலே இல்லாதபோது நீதிமன்றம் நியமிப்பவரை நிர்வாகி என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் உயிலை நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் உயிலிலிருந்தே பிறக்கிறது. நிர்வாகிக்கோ நீதிமன்ற ஆணை கிடைத்த பிறகுதான் அதிகாரம் வருகிறது. இறப்புக்கும் அந்த ஆணைக்கும் இடைப்பட்ட, சட்டப்படி பொறுப்பாளி என்று எவரும் இல்லாத காலத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன.

என் பெரியப்பா இறந்தபோது இதை நேரில் கண்டேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பீரோ சாவி மூத்தவரின் இடுப்புக்குப் போய்விட்டது. இளையவர் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். மகள் கேட்டதெல்லாம் கடன் எவ்வளவு என்ற ஒரே கேள்விதான். அதற்கு இருவரிடமும் பதில் இல்லை. மூத்தவர் நிர்வாகியாக விண்ணப்பித்தார். இளையவர் ஆட்சேபித்துத் தாமும் விண்ணப்பித்தார். இருவரும் வாய்தா மேல் வாய்தா வாங்கிய பதினான்கு மாதங்களில் வங்கி பணத்தை விடுவிக்கவில்லை, கடனுக்கு வட்டி ஏறியது, வீட்டின் காப்பீட்டுத் தவணையைக் கட்ட ஆளில்லாமல் அதுவும் காலாவதியானது. கடைசியில் குடும்பத்துக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரை நீதிமன்றம் நிர்வாகியாக்கியது. அவருடைய கட்டணமும் சொத்திலிருந்துதான் போயிற்று என்பதை இரு அண்ணன்மார்களும் பிறகுதான் கணக்குப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் சண்டையிட்டது பங்குக்காக அல்ல. பங்கு எவ்வளவு என்பதை வாரிசுரிமைச் சட்டம் முன்பே வகுத்துவிடுகிறது. நிர்வாகியாக வருபவர் அதில் ஒரு காசையும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சொத்துகளைத் திரட்டிப் பட்டியலிடுவது, ஈமச்செலவையும் கடனையும் வரியையும் முதலில் தீர்ப்பது, மிஞ்சியதை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணக்கு ஒப்படைப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. பல இடங்களில் இதற்குப் பிணைப்பத்திரமும் ஜாமீனும் கொடுக்க வேண்டும்; தவறினால் கைப்பணத்திலிருந்து ஈடு செய்யவும் நேரும். இதைப் பதவி என்றும், கிடைக்காவிட்டால் மானக்கேடு என்றும் நினைப்பதால்தான் மூத்தவர் என்ற உரிமையும், கடைசிவரை உடனிருந்து கவனித்தவர் என்ற உரிமையும் நீதிமன்றத்தில் மோதுகின்றன. நீதிமன்றமோ துணைவர், பிள்ளைகள், பெற்றோர் என்று உறவின் நெருக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறது. பிள்ளைகளுக்குள் மூத்தவர் என்பதற்குப் பொதுவாகத் தனி முன்னுரிமை ஏதும் கிடையாது.

இது பழைய தகராறுதான். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் உயிலில்லாமல் இறந்தவரின் உடைமைகள் பிஷப்புகளின் பொறுப்பில் இருந்தன; அவர்களே அவற்றை வைத்துக்கொள்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. இறந்தவருக்கு மிக நெருங்கியவர்களிடம் நிர்வாகத்தை ஒப்படைக்கும்படி 1357ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. நெருங்கியவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து தீரவில்லை.

சண்டையிடும் இருவரையும் கூட்டாக நியமித்தால் சமாதானம் வந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத இருவர் ஒவ்வொரு காசோலையிலும் சேர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தால், முடக்கம் நீதிமன்றத்திலிருந்து வங்கிக்கு இடம்மாறும், அவ்வளவுதான். முதல் ஆட்சேபம் பதிவான உடனேயே வழக்கு முடியும்வரை ஒரு நடுநிலையாளரை இடைக்கால நிர்வாகியாக அமர்த்துவதே மேல். அவருடைய கட்டணம் ஒரு செலவுதான். ஆனால் ஏறும் வட்டியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அது சிறிய செலவாகவே இருக்கும்.

வாரிசுகளும் ‘நான்தான் நிர்வாகி’ என்று மல்லுக்கு நிற்பதை விட்டு, யார் வந்தாலும் குறிப்பிட்ட தேதிக்குள் சொத்துப் பட்டியலும் கணக்கும் தர வேண்டும் என்ற நிபந்தனைக்கு வாதாடலாம். ஆணை வருவதற்குள் எவரும் எதையும் விற்கவும் கூடாது. அப்படித் தலையிடுபவரை ‘தன் தவறால் தானே நிறைவேற்றுநர் ஆனவர்’ என்று ஆங்கிலேயச் சட்டம் குறிப்பிடுகிறது. தொட்ட சொத்தின் மதிப்பு வரை கடன்காரர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவின் ஸ்கூட்டரை விற்ற இளையவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்தத் தொகை பின்னர் அவருடைய பங்கில் கழிக்கப்பட்டது.

வருங்காலச் செய்திகளிலாவது ‘நிர்வாகி’ என்ற சொல்லையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்