குளிசையும் சாப்பாடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வுக்கு உணவை மாற்றினாலே போதும் என்ற தொனியில் கடந்த ஞாயிறு வெளியான கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதை நம்பி யாராவது குளிசையை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

என் தங்கை மனநலக் கிளினிக்குக்குப் போய்வருபவள். மருந்து தொடங்கியபின் அழுகை குறைந்தது, நித்திரை வந்தது. கூடவே பசியும் கூடி உடம்பு வைத்தது. சட்டைகள் பத்தாமல் போனதும் ஒருவருக்கும் சொல்லாமல் குளிசைகளை அரிசி வாளிக்குள் ஒளிக்கத் தொடங்கினாள். பிறகென்ன, பழையபடி படுத்த படுக்கைதான். சில மருந்துகளால் நிறை கூடும் என்பது வைத்தியர்கள் அறியாததல்ல. அதை முன்கூட்டியே அவளுக்குச் சொன்னவர் இல்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டவரும் இல்லை. காலையில் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும் பிஸ்கட்டும், மூன்று மணிக்குச் சோறு, இரவில் பாணும் சம்பலும். இதுதான் அவள் சாப்பாடு.

உணவுக்கும் மனதுக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லவரவில்லை. அவுஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு 12 வாரம் போசணையியலாளர் வழிகாட்டினார். மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். முதற் குழுவில் 32 வீதமானோரும் மற்றதில் 8 வீதமானோரும் சோர்விலிருந்து மீண்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ உளச்சிகிச்சையோ பெற்றுக்கொண்டிருந்தவர்கள். இதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது.

யூடியூப் பார்த்துப் பத்தியம் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் திடீரென உப்பைக் குறைத்தால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். வைத்தியரைக் கேட்காமல் எதிலும் கைவைக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. இரும்புச்சத்தோ பி12ஓ குறைந்தாலும் களைப்பும் மந்தமும் வரும். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். தங்கைக்குச் சோதித்தபோது இரத்தச்சோகையும் இருந்தது. சோற்றுக்குப் பிறகு உடனே தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

இப்போது அவளைப் பார்க்கும் உளவளத்துணையாளர் கெட்டிக்காரி. கீரை சாப்பிடு, பழம் சாப்பிடு என்று தாளில் எழுதிக்கொடுத்தால், கட்டிலை விட்டு எழும்பவே மனமில்லாதவள் என்ன செய்வாள்? அதனால் முதல் கிழமை சந்தைக்குப் போய் ஒரு பிடி பொன்னாங்காணி வாங்கிவருவது மட்டும்தான் வேலை. அடுத்த கிழமை அதைச் சுண்டுவது. வெளியே போனதும் ஆயிற்று, நாலு பேரோடு கதைத்ததும் ஆயிற்று. செலவும் பெரிதில்லை. அறுக்குளா மீன் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் நம் கடலில் படும் சாளையிலும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு தாராளமாக இருக்கிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்கு நிறை பார்த்து, சாப்பாடு விசாரித்து, திரிபோஷா சத்துமாவும் கொடுத்தனுப்பும் ஏற்பாடு நம் நாட்டில் எத்தனையோ காலமாக இருக்கிறது. மனநலக் கிளினிக் நாட்களிலும் உளவளத்துணையாளருக்குப் பக்கத்தில் போசாக்கு பற்றிப் பேச ஒருவரை இருத்துவது முடியாத காரியமா? மாவட்டச் சுகாதார அதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். தராசும் மேசையும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன, ஆள்தான் இல்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.