பெஞ்சில் உட்கார்ந்த கதையையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய கால்பந்து லீக் முடிவுகளைத் தினமும் போடுகிறீர்கள், சந்தோஷம். அங்கே போய் ஆடிய நம்மவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாமே. மணிப்பூர் பாலா தேவியை 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் 18 மாத ஒப்பந்தத்தில் எடுத்தபோது பெரிய செய்தியாக வந்தது. அப்புறம் கொரோனாவில் ஆட்டமே நின்றுபோய், காத்திருந்து காத்திருந்து டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக முதல் கோல் அடித்தாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? குர்பிரீத் சிங் சந்து 2014இல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். கோல்கீப்பர் வேறு, அணியில் ஒரே ஒரு இடம், அதனால் பெரும்பாலும் மாற்று வீரராகப் பெஞ்ச்தான். 2016இல் ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கினார், அப்படி ஆடிய முதல் இந்தியர்.

சேலம் காந்தி மைதானத்திலும் மேலே ஏற்காட்டிலும் பந்து உதைக்கிற பிள்ளைகளுக்கு வெளிநாடு என்றால் விமானமும் கைதட்டலும்தான். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள் (எழுத வேண்டியதுதான்), அதில் பாதி இடம் கால்பந்துக்குக் கொடுங்கள். ஒப்பந்தம் எப்படிப் போடுகிறார்கள், ஏஜென்ட் எதற்கு, காயம் பட்டால் செலவு யாருடையது என்றெல்லாம் ஒரு தொடராக வந்தால் பெற்றோரும் படிப்பார்கள்.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்