பாறையியலை விட்டுவிடலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். கோள்களைப் பற்றி அறியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த உன்னை நாள் முழுவதும் நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்துக் கனிமங்களின் பெயரைக் கேட்கிறார்கள் என்றும், இயற்பியல் துறைக்கே மாறிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். உன் துறையில் எனக்குப் பயிற்சி கிடையாது. ஆயினும் நீ சேர்ந்த நாள் முதல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1969-இல் அப்போலோ 11 இறங்கியது நிலவின் கரிய சமவெளி ஒன்றில். அங்கிருந்து வந்த மண்ணில் பெரும்பகுதி பசால்ட் என்ற கரிய எரிமலைப் பாறையிலிருந்து உதிர்ந்தது. அதனிடையே சில மில்லிமீட்டர் அளவே உள்ள வெண்ணிறத் துணுக்குகளும் கிடந்தன. அவை ஏறக்குறைய முழுவதும் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிறிய கனிமத்தாலான அனார்த்தோசைட் பாறை என்று கண்டுகொண்டவர்கள், அக்கனிமம் கற்குழம்பில் மிதக்கக்கூடியது என்பதையும் அறிந்திருந்தார்கள். தோன்றிய புதிதில் நிலவின் மேற்பகுதி ஒரு கற்குழம்புக் கடலாக இருந்தது, அதில் மிதந்து திரண்ட ஃபெல்ட்ஸ்பாரே இன்று நாம் இங்கிருந்து காணும் வெளிறிய மேட்டுநிலங்கள் என்ற கருத்து 1970-இல் அந்தத் துணுக்குகளிலிருந்துதான் பிறந்தது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலில், முனைவுற்ற (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியில், கறுப்பும் வெளுப்புமாக வரியோடித் தெரிவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்றாயே, அது இதே கனிமம்தான்.

இயற்பியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புவியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மனிதர் துளையிட்டது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. இருந்தும் நிலநடுக்க அலைகள் வந்து சேர்ந்த விதத்தைக் கொண்டே புவியின் கருவுக்குள் இன்னோர் உட்கரு இருப்பதை 1936-இல் டென்மார்க் நிலநடுக்கவியலாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) காட்டினார். 2018-இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலம் ஒரே ஒரு நிலநடுக்கமானியை வைத்துக்கொண்டு, அந்தக் கோளின் கரு எவ்வளவு பெரியது என்பதை அதே வழியில் கணிக்க உதவியது. ஆனால் அலை தரும் வேகத்தை வைத்து உள்ளே என்ன பாறை இருக்கக்கூடும் என்று சொல்ல, மறுபடியும் கனிமங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது. தரையே இல்லாத வியாழனைத்தான் ஆராயப் போகிறாய் என்றால் என் வாதம் நிற்காது. அப்போது தாராளமாக மாறிக்கொள்.

மற்றபடி, துறையை மாற்றாமலேயே கணிதத்தையும் நிலநடுக்கவியலையும் கூடுதல் பாடங்களாக எடுக்க முடியுமா என்று உன் ஆசிரியரிடம் கேட்டுப் பார். மதிப்பெண் குறைந்ததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

அடுத்த மாதக் களப்பணிக்குப் போகும்போது, பாறை அடுக்குகளை நீ குறிப்பேட்டில் வரைவதைப் படமெடுத்து அனுப்பு. எது மேல் எது கீழ் என்பதை மட்டும் குறித்துவிடு. சென்ற முறை அனுப்பியதை நான் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அம்மா