கோபுரம் வரட்டும், என் சாக்கு மூட்டைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்னல் கிடைக்காத கிராமங்களுக்கு 4ஜி கோபுரங்கள் வரப்போகும் செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். சந்தோஷம்தான். ரேஷன் கடையில் கைரேகை மெஷினுக்கு சிக்னல் இல்லாமல் வயதானவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்தவன் நான். கோபுரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தியில் விடுபட்ட ஒன்று, பழைய போன்களின் கழிவு, என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது.

சங்கரன்கோவிலில் பதினாறு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு சாக்கு இருக்கும். செத்த போர்டு, உடைந்த டிஸ்பிளே, சார்ஜர் வயர் எல்லாம் அதற்குள் போகும். உப்பிப்போன பேட்டரிகள் மட்டும் மணல் போட்ட பெயிண்ட் டப்பாவில். ஒருமுறை ஸ்க்ரூடிரைவர் குத்தி ஒன்று புகைந்ததிலிருந்து இந்தப் பழக்கம். நெட்வொர்க் மாறும்போதெல்லாம் சாக்கு சீக்கிரம் நிறையும். 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு இன்னும் வேகம். “ரிப்பேர் வேண்டாம்ணே, எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு போகும்?” என்றுதான் பையன்கள் கேட்கிறார்கள்.

மாதம் ஒருமுறை பழைய சாமான் வியாபாரி வருவார். போர்டுக்குத் தனி விலை, மற்றதெல்லாம் எடைக்கு. அப்புறம் நடப்பது ஊரறிந்த விஷயம்: செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள், தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் போடுவார்கள், மிச்சம் மண்ணுக்கோ ஓடைக்கோ போகும். அவரை நான் குறை சொல்லவில்லை. வாசல் தேடி வருகிறவர் அவர் ஒருவர்தான். போன வருடம் முறையாகவே கொடுத்துவிடலாம் என்று ஒரு போன் கம்பெனியின் இலவச எண்ணுக்கு அழைத்தேன். கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். கூரியர் கடையிலோ பேட்டரி என்றதும் கையை விரித்துவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, முன்பு விற்ற சரக்கின் எடையில் ஒரு பங்கை நிறுவனங்கள் மறுசுழற்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2023-24இல் 60 சதவீதம், போகப்போக 80. கோபுரத்தில் சிக்னலை அனுப்பி வாங்கும் பி.டி.எஸ். கருவிகளும் பட்டியலில் உண்டு, இரும்புக் கட்டமைப்பு மட்டும் விலக்கு. (இரும்பு எப்படியும் விலைபோய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.) ஆனால் 2016 விதிகளில் பேருக்காவது இருந்த சேகரிப்பு மையம், புதிய விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் வரிசையிலேயே இல்லை. மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் நிறுவனத்தின் கணக்கு முடிந்தது. சங்கரன்கோவில் சாக்கு அந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

கோபுரத்துக்குக் கருவி ஏற்றிவரும் வண்டி பெரும்பாலும் காலியாகத் திரும்புவதைப் பார்க்கிறேன். மாற்றிய பழைய கருவிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே பாதையில் எங்களைப் போன்ற கடைகளின் சாக்கையும் ஏற்றிக்கொண்டால் என்ன? வண்டிச் செலவை போன் கம்பெனிகள் ஏற்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சர்வீஸ் கடைகளைச் சேகரிப்பு இடங்களாக அங்கீகரிக்கட்டும். பழைய சாமான் வியாபாரி தரும் விலையாவது கிடைக்க வேண்டும். சும்மா கேட்டால் யாரும் தர மாட்டார்கள், நானும்தான்.

வண்டி வரும் தேதியை முன்கூட்டியே சொன்னால் போதும், சாக்கைக் கட்டி வைக்கிறேன். பேட்டரி டப்பாவுக்கு மட்டும் அவர்களே நல்ல பெட்டி கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
சங்கரன்கோவில்.