குரோமியத்துக்கு இரும்புச் சுவர், உப்புக்கு அல்ல: மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பொறியாளர்கள், மூன்று மாவட்டங்களின் ஆட்சியர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நிலத்தடி நீரில் கலந்த நஞ்சை, நீரை மேலே இறைக்காமல் மண்ணுக்குள்ளேயே நிறுத்தும் வினைச்சுவர் பற்றி எழுதுகிறோம். தொழில் வட்டாரத்தில் இதை பி.ஆர்.பி. (பெர்மியபிள் ரியாக்டிவ் பேரியர்) என்பார்கள். எங்கள் கோரிக்கை இதுதான். முலாம் பட்டறைகள் உள்ள பகுதிகளின் ஆறிணைதிறக் குரோமியத்துக்கு, அதாவது நீரில் கரைந்து ஓடும் நச்சு வகைக் குரோமியத்துக்கு, இதைக் கட்டுங்கள். சாயக்கழிவின் உப்புக்கு இதைக் கட்ட வேண்டாம். எங்கே கட்டினாலும் ஒரு முழு ஆண்டு நீரோட்டத்தை அளந்த பிறகே பொக்லைனை இறக்குங்கள்.

வினைச்சுவர் அணையைப் போல நீரை மறிப்பதில்லை. மாசு நீர் போகும் பாதைக்குக் குறுக்கே அகழி வெட்டி, சுற்றியுள்ள மண்ணைவிட எளிதாக நீர் புகும் பொருளால் நிரப்புகிறோம். நீர் தன் சரிவிலேயே உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறும். மோட்டாரும் கரண்டும் தேவையில்லை. நிரப்பும் பொருள் இரும்புத் துருவலானால், நீரில் கரைந்து ஓடும் ஆறிணைதிறக் குரோமியத்தை இரும்பு மூவிணைதிறக் குரோமியமாக மாற்றும். அது இரும்பு ஹைட்ராக்சைடோடு சேர்ந்து படிந்து அங்கேயே தங்கிவிடும். இரும்பு கரையும்போது நீரின் பி.எச். 9, 10 வரை ஏறும். குரோமிய ஹைட்ராக்சைடு அந்த நிலையில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் இது நமக்குச் சாதகம்.

முதலில் எதற்கு வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் நொய்யல் ஆற்றங்கரையில் இந்தச் சுவரைக் கட்டும் ஆசை பிறப்பது சாயக்கழிவுக்காகத்தான். பருத்தித் துணிக்கு ஏற்றும் ரியாக்டிவ் வகைச் சாயத்தில் ஒரு லிட்டர் சாயக்கரைசலுக்கு 30 முதல் 80 கிராம் வரை சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ போடுகிறார்கள். துணியில் ஏறுவது சாயம். உப்பு முழுவதும் கழிவில் வரும். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானதற்கும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும் அடியில் இருப்பது இந்த உப்புதான். உப்பிலுள்ள குளோரைடை இரும்பு ஒன்றும் செய்யாது. சோடியத்தையும் செய்யாது. சுவருக்கு முன் இருந்த டி.டி.எஸ். (நீரில் கரைந்த மொத்த உப்பளவு) சுவருக்குப் பின்னும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மரத்தூளும் மட்கிய உரமும் நிரப்பிய சுவரில் சல்பேட்டைக் குறைக்கலாம். கனடாவின் நிக்கல் ரிம் சுரங்கத்தில் 1995-ல் அமைத்தது அந்த வகைதான். ஆனால் குறைந்த சல்பேட்டின் இடத்தில் பைகார்பனேட் வந்து உட்காரும். சோடியம் போகாததால் தோட்டத்து மண் முன்போலவே இறுகும்.

இன்னொரு பொறி உண்டு. இரும்பு, அசோ என்னும் வகைச் சாயங்களின் வேதிப் பிணைப்பை உடைக்கும், கலங்கிய சிவப்பு நீர் தெளிந்து வரும். உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள் என்னும் சேர்மங்கள். அவற்றில் சில, சாயத்தைவிடக் கெட்டவை. நிறம் போனதைக் கண்ணாடிக் குப்பியில் காட்டி யாராவது திட்டம் கொண்டுவந்தால், அமீன் சோதனை முடிவு இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

குரோமியத்திலும் எந்தக் குரோமியம் என்று பாருங்கள். தோல் பதனிடுவோர் போடுவது மூவிணைதிறக் குரோமிய உப்பு. அது பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், தொலைதூரம் ஓடாது. ஆறிணைதிறக் குரோமியம் முக்கியமாக குரோம் முலாம் தொட்டியிலிருந்து வருவது, நீரோடு ஓடுவது. ஆகவே மாதிரியில் மொத்தக் குரோமியம், ஆறிணைதிறக் குரோமியம் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் டைஃபீனைல் கார்பசைடு முறையில் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 10500 வைத்திருக்கும் மொத்தக் குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

குரோமியத்துக்கு இது வேலை செய்யும் என்பதற்குப் பழைய சான்று அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி. கடலோரக் காவற்படையின் முலாம் பட்டறைக்கு அடியில் மாசுபட்ட நீருக்குக் குறுக்கே 1996 ஜூனில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் சுமார் 450 டன் இரும்புத் துருவலை இறக்கினார்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருந்த குரோமியம் சுவருக்குள் 0.01-க்குக் கீழே இறங்கியது. ஆனால் அது கடலோர மணற்பூமி. நம்முடையது பாறைப் பூமி. எங்கள் கவலையெல்லாம் இங்கேதான்.

கொங்கில் மேலே சில அடி மண், அதன் கீழே சுக்கான்கல்லும் சிதைந்த பாறையும், அதற்கும் கீழே வெடிப்பு விழுந்த நைஸ் அல்லது சார்னோகைட் பாறை. மாசு நீர் சிதைந்த அடுக்கில் மெதுவாக ஊரும், வெடிப்பு கிடைத்தால் விரைந்து ஓடும். எட்டு மீட்டர் அகழி வெட்டிச் சுவரை வைத்துவிட்டு, அதன் அடியில் ஒரு வெடிப்பை விட்டுவிட்டால் நஞ்சு சுவருக்குக் கீழே நுழைந்து போய்க்கொண்டே இருக்கும், மேலே எடுக்கும் மாதிரியோ சுத்தமாகக் காட்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடி போர்வெல் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். போர் ஓடும் நாளில் நீர் கிழக்கே போகும், நிற்கும் நாளில் தெற்கே போகும். ஆகவே கால் மைல் சுற்றளவில் உள்ள எல்லாக் கிணறுகளையும் போர்களையும் முதலில் வரைபடத்தில் குறியுங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளக்கும் முறையால் பாறையின் மேல்மட்டத்தைக் கண்டு, அகழிக்கோட்டில் பத்து மீட்டருக்கு ஒரு துளை போட்டு உறுதி செய்யுங்கள். குறைந்தது பன்னிரண்டு கண்காணிப்புத் துளைகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை, சித்திரைக் கோடை இரண்டும் அந்த ஆண்டுக்குள் வந்தாக வேண்டும். வெடிப்பு ஆழமாகப் போகும் இடம் என்று தெரிந்தால் சுவரையே கைவிட்டு, குரோமியத்தை மண்ணுக்குள்ளேயே மாற்றும் கால்சியம் பாலிசல்ஃபைடோ நீர்த்த மொலாசஸோ (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) துளைகள் வழியே செலுத்தும் முறைக்குப் போவதே சரி என்பது எங்கள் தீர்ப்பு.

சுவரின் தடிமனை மழைக்கால வேகத்துக்குக் கணக்கிடுங்கள், கோடை வேகத்துக்கு அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: கோடையில் மண்ணின் நீர்க்கடத்தல் (நீரைக் கடத்தும் திறன்) நாளுக்கு 2 மீட்டர், நீர்மட்டச் சரிவு 200 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டில் நாளுக்கு 0.01 கன மீட்டர் நீர் வரும். இரும்புத் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் பாதி என்று கொண்டால் 0.6 மீட்டர் சுவரைக் கடக்க 30 நாள். மழையில் நீர்மட்டம் ஏறி, மேலடுக்கின் கடத்தல் 10 மீட்டராகவும், சரிவு 50 மீட்டருக்கு 1 மீட்டராகவும் ஆனால் அதே சுவரை நீர் 36 மணி நேரத்தில் கடந்துவிடும். குழாயில் இரும்பை நிரப்பி நீரைச் செலுத்திப் பார்க்கும் தம்ப சோதனையில், குரோமியத்தை நிறுத்த 12 மணி நேரம் போதும் என்று வந்தால், இருமடங்குப் பாதுகாப்பு வைத்து 24 மணி. சுவருக்குள் நீர் இருக்கும் 36 மணி நேரம் அதற்குப் போதும். கோடைக் கணக்கை மட்டும் பார்த்து 0.2 மீட்டர் போதும் என்று அகலத்தைக் குறைத்திருந்தால் மழைக்காலத்தில் தோற்றிருக்கும். 50 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரம், 0.6 மீட்டர் தடிமன் என்றால் 150 கன மீட்டர். முழு இரும்பென்றால் சுமார் 375 டன்; பாதிக்குப் பாதி மணல் கலந்தால் 190 டன்னுக்குச் சற்றுக் குறைவு. மணல் கலப்பதானால் தம்ப சோதனையையும் அதே கலவையில் செய்ய வேண்டும்.

அந்தச் சோதனையை வாலைவடி நீரில் செய்து காட்டினால் ஏற்க வேண்டாம். அந்த இடத்துக் கிணற்று நீரிலேயே, நான்கு அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரும்பை நிரப்பி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரிக் குழாய் வைத்து, குழாயின் இடைவெளிக் கொள்ளளவைப் போல் 50 மடங்கு நீராவது கடக்கும்வரை ஓட்ட வேண்டும். நம் நீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. பி.எச். ஏறியதும் சுண்ணாம்பாகவும் இரும்புக் கார்பனேட்டாகவும் படிந்து, நீர் நுழையும் முகத்தை அடைக்கும். உரம் போட்ட காடுகளிலிருந்து வரும் நைட்ரேட்டும் இரும்பைத் தின்று அதன் மேல் ஓடு கட்டும். கணக்குப்படி ஒரு கிலோ இரும்பு கிட்டத்தட்ட ஒரு கிலோ குரோமியத்தை மாற்ற வேண்டும்; நடப்பில் அதன் மிகச் சிறு பங்கிலேயே மேற்பரப்பு மூடிக்கொள்ளும். இதனால்தான் நுழைமுகத்தில் அரை மீட்டர் அகலத்துக்குச் சரளையில் பத்தில் ஒரு பங்கு இரும்பு கலந்த முன்படுகை ஒன்றைத் தனியாக வைக்கச் சொல்கிறோம். அடைப்பு முதலில் அங்கே விழும், அதை மட்டும் தோண்டி மாற்றலாம்.

இரும்புக்கு நாம் அலைய வேண்டியதில்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்படம் கடையும் கோவையில் வார்ப்பிரும்பு போரிங் தூள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. ஆனால் லாரியிலிருந்து நேரே அகழியில் கொட்டக் கூடாது. கட்டிங் ஆயில் ஒட்டிய துருவலை நீர் நனைக்காது, வினை நடக்காது. சோப்புக் கரைசலில் கழுவி அல்லது சூளையில் எண்ணெயை எரித்து எடுத்து, 0.3 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையிலான துகளை மட்டும் சலித்து எடுங்கள். அதற்கும் நுண்ணிய தூள் அடைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் சீவல் கலந்திருந்தால் நிக்கலும் குரோமியமும் அதிலிருந்தே கசியும். ஒவ்வொரு லோடிலும் கசிவுச் சோதனை வேண்டும். மணலுக்குப் பதில் கழுவாத எம்-சாண்ட் போட்டால் பாறைத்தூள் இரும்பின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

அகழி வெட்டும் காலம் சித்திரை, வைகாசி. நீர்மட்டம் அடியில் இருக்கும், பக்கங்கள் சரியாது. சரியும் இடத்தில் கொத்தவரைப் பிசின் குழம்பை நிறைத்துத் தாங்கலாம். முடிந்ததும் நொதி ஊற்றி அதை உடைத்து வெளியே இறைத்துவிட வேண்டும், விட்டால் பிசினே துளைகளை அடைக்கும். பென்டோனைட் என்ற களிமண்ணின் குழம்பு வேண்டவே வேண்டாம். களிமண் அடுக்கை வாளி வழித்துப் பூசிவிட்டால் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும். கலவையை மேலிருந்து கொட்டினால் இரும்பு முந்தி விழும், மணல் பிந்தி விழும், சுவரில் மணல் சாளரங்கள் உண்டாகும். ஈரக் கலவையாகக் குழாய் வழியே அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெட்டிய மண் அபாயக் கழிவு. அது 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்குப் போக வேண்டும், பக்கத்துப் பள்ளத்துக்கு அல்ல.

கோடையில் நீர்மட்டம் இறங்கினால் சுவரின் மேற்பகுதி காற்றில் நின்று துருப்பிடித்து இறுகும். கொங்கில் இதுதான் தீராத சிக்கல். நீரோட்டம் குறைவான, குறுகலான மாசுப் பட்டைகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது உறைக்கிணறு. இரண்டு பக்கமும் களிமண் தடுப்பு வைத்து நீரை நடுவில் திருப்பி, சிமெண்ட் உறை இறக்கிய கிணற்றின் அடியிலிருந்து மேலே இரும்பு வழியாக ஏற்றி வெளியே விடுவது. வெளிவாய் இரும்பின் மேல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். மேட்டுப் பக்கத்து நீர்மட்டம் வெளிவாய்க்குக் கீழே போனதும் உள்வாயின் கேட் வால்வை மூடினால் இரும்பு நீருக்குள்ளேயே கிடக்கும். செலவான இரும்பைக் கூடையோடு தூக்கி மாற்றலாம். மழைக்காலத்தில் நாளுக்கு 15 கன மீட்டர் வரும் இடத்தில், 24 மணி நேரம் தங்க 30 கன மீட்டர் இரும்பு தேவை. 3 மீட்டர் விட்டம், 2.2 மீட்டர் படுகை உயரம் கொண்ட இரண்டு கிணறுகள் போதும். நாளுக்கு 60 கன மீட்டர் என்றால் எட்டுக் கிணறு. அங்கே நீள்சுவர்தான்.

கண்காணிப்புத் துளைகளைச் சுவருக்கு முன்னும் பின்னும் மட்டும் போட்டால் போதாது. இரு முனைகளிலும், சுவருக்கு உள்ளேயும், சுவரின் அடிப்பாறையிலும் வேண்டும். முதலாண்டு மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பம்பை வேகமாக ஓட்டி மாதிரி எடுத்தால் சுவருக்கு வெளியே உள்ள நீரும் கலந்து வரும். நிமிடத்துக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். முன்பக்க நீர்மட்டம் ஆண்டுக்காண்டு ஏறினால் சுவர் அடைக்கிறது. உள்ளே பி.எச். 9-லிருந்து 7.5-க்கு இறங்கினால் இரும்பு ஓய்ந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் ஏற்கெனவே மண்ணில் ஊறிய குரோமியம் சில ஆண்டுகள் வந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துச் சுவர் தோற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் கிணறுகளுக்கு அதுவரை வேறு குடிநீர் தர வேண்டியது உங்கள் பொறுப்பு.

மேலே தொட்டி ஒழுகிக்கொண்டிருக்கையில் கீழே சுவர் கட்டுவது வீண். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுமேடு லட்சக்கணக்கான டன். அதன் அடியில் வரும் செறிவில் எந்த இரும்பும் விரைவில் ஓடு கட்டிவிடும். முலாம் தொட்டிகளின் தளம், கழிவுக் குழாய், பழைய சேற்றுக் குழி மூன்றையும் சரிசெய்து முடித்த சான்றை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வையுங்கள்.

நிர்வாகத்தில் மூன்று வேண்டுகோள். சுவர் இருக்கும் சர்வே எண்களை வில்லங்கத்தில் ஏற்றி, கற்கள் நட்டு, குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிய போர் அனுமதியை நிறுத்துங்கள். பத்தாண்டு கழித்து வீடு கட்ட வருபவர் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் சுவர் இருப்பதை அறியக் கூடாது. ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கைப் பதினைந்து ஆண்டுக் கண்காணிப்புக்கும் ஒருமுறை இரும்பு மாற்றுவதற்கும் தனிக் கணக்கில் வையுங்கள். அளவீட்டு முடிவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர், வார்ப்படம், நீர்ச் சோதனைத் தொழில்களில் உள்ள சிலர்
கோவை – ஈரோடு