தம்பிக்கு, பாப்பாவின் முடி விஷயமாக

தம்பி,

நீ அனுப்பிய போட்டோக்களை எல்லாம் பார்த்தேன். மேலிருந்து எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது, குளிக்க வைத்து ஈரத்தலையோடு எடுத்தது. ஈரத்தலையைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதே, நனைந்தால் எனக்கும்கூட மண்டை தெரியத்தான் செய்யும். வாட்ஸப்பில் பதில் போட்டால் நாலு வரியில் முடிந்துபோகும், அப்புறம் யாராவது ஏதாவது சொன்னதும் நீ மறுபடி ஆரம்பிப்பாய். மருந்துக்கடையில் நிற்கிற என்னிடம் இதே கவலையோடு வருகிற அப்பா அம்மாக்களும் நிறைய. அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இரண்டரை வயசாகியும் முடி காதைத் தாண்டவில்லை, வெறும் பூனைமுடியாக இருக்கிறது, சித்தப்பா பேத்திக்கு இந்த வயசிலேயே இரட்டைப் பின்னல் போடுகிறார்கள். இவ்வளவுதானே? தலையில் முடி முளைக்கிற குழிகள் அத்தனையும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, ஐந்தாறு மாசத்துக்குள் உருவாகிவிடும். சுமார் 1 லட்சம் இருக்கும். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேராது, எந்த எண்ணெய் தேய்த்தாலும். ஒரு முடி எவ்வளவு நீளும் என்பது அது விழாமல் எத்தனை காலம் வளர்கிறது என்பதைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு மாசம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வீதம் 2 முதல் 6 வருஷம் வரை வளர்ந்து, கொஞ்ச நாள் சும்மா இருந்து, பிறகு உதிரும். சில பிள்ளைகளுக்கு இந்த வளரும் காலமே சின்னது. முடி ஒடியாது, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது, கத்தரி வைக்கவே தேவைப்படாது. வயசு ஏற ஏற, பெரும்பாலும் பருவம் வருகிற சமயத்தில், இது சரியாகிவிடுவது உண்டு. மற்றபடி நிறைய பிள்ளைகளுக்கு முடி தடிக்கவே சில வருஷம் ஆகும். உன் மூன்று வயசு போட்டோ அம்மாவிடம் இருக்கிறது, வாங்கிப் பார்.

ஒன்று தெரிகிறது, உன் தலை இப்போது காலியாகிக்கொண்டு வருவதால்தான் உனக்கு இந்தப் பயம். ஆண்களுக்கு வருகிற அந்த வழுக்கை பருவத்துக்குப் பிறகு ஹார்மோன் செய்கிற வேலை, பாப்பாவின் மெல்லிசு முடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, மொட்டை. ஒற்றைப்படையில்தான் அடிக்க வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் ஆகாது, மூன்றாவதுக்குப் பிறகு திமுதிமுவென்று வளரும் என்று உன் மாமியார் சொல்கிறார்கள். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, கத்தி மேலே ஓடுகிறது, வேருக்குச் சேதி போக வழியே கிடையாது. 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்கிற அமெரிக்க உடற்கூறியலாளர் மழித்த முடியை அளந்து பார்த்து, வளரும் வேகமோ பருமனோ மாறவில்லை என்று எழுதிவிட்டார். பின்னே தொட்டால் ஏன் சொரசொரவென்று இருக்கிறது? வெட்டாத முடிக்கு நுனி கூராக மெலிந்திருக்கும், மழித்தால் மட்டமாகிவிடும், அதுதான் கையில் உறுத்துகிறது. அதோடு முதல் மொட்டைக்கும் மூன்றாவது மொட்டைக்கும் நடுவில் பிள்ளைக்கு வயசு கூடிவிடுகிறது, முடி தானாகவே தடித்துவிடுகிறது, பெயரைக் கத்தி வாங்கிக்கொள்கிறது. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை, தாராளமாகப் போய்விட்டு வாருங்கள், மாமன் மடியில் உட்கார வைத்து அடியுங்கள். ஆனால் புது பிளேடை உன் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல். ஒரு தலையில் ரத்தம் பட்ட பிளேடு இன்னொரு தலைக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டுபோகும். முடி வளர்வதற்காக மட்டும் என்றால் அந்த அழுகை பாப்பாவுக்கு எதற்கு?

நீ கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய் பார், அதற்குத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழுக்கைக்குத் தடவ உனக்கு வாங்கி வைத்திருக்கிற மினாக்ஸிடில் மருந்தில் ஒரு சொட்டு பாப்பாவுக்கு வைக்கலாமா என்று. கூடவே கூடாது. அது முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து. பிள்ளை நக்கினாலோ குடித்தாலோ அழுத்தம் இறங்கி இதயம் படபடக்கும். ஸ்பெயினில் அப்பா தன் தலையில் தடவிக்கொண்டது கைக்குழந்தை மேல் பட்டுப் பட்டு, குழந்தைக்கு முதுகு, கால் என்று உடம்பெல்லாம் முடி வளர்ந்திருக்கிறது. அப்பா நிறுத்திய பிறகுதான் அது உதிர்ந்தது. ஆகவே நீ தடவினால் கையைக் கழுவு, தலை காயும்வரை பாப்பாவைத் தோளில் போடாதே, அவள் படுக்கிற தலையணையில் நீ படுக்காதே, பாட்டிலைப் பூட்டி வை.

பயோட்டின் என்கிற வைட்டமின் கலந்த ஜெல்லி மிட்டாய் வேறு இப்போது கடையில் அடுக்கி வைத்திருக்கிறோம், விற்கிறவளே சொல்கிறேன், வேண்டாம். பயோட்டின் குறைபாடு பிள்ளைகளுக்கு அபூர்வம், அதோடு அது தைராய்டு மாதிரியான ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டிவிடக்கூடும். விளக்கெண்ணெயால் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்தப் பிசுபிசுப்பில் சிக்கு விழுந்து, எடுக்கிறேன் என்று இருக்கிற முடியும் போகும். வெங்காயச் சாறு பிஞ்சுத் தோலுக்கு எரியும். தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள், முடியிலிருந்து புரதம் போவதை அது குறைக்கிறது, ஆனால் அதுவும் முளைக்க வைக்காது. பாப்பா அம்மாவிடம் சொல், உச்சியில் இழுத்துக் கட்டுகிற தென்னைமரக் குடுமியை விட்டுவிடட்டும், நெற்றி ஓரத்து முடி வலிவில்லாதது, தினமும் இழுத்தால் போய்விடும். கண்ணாடி முன்னால் முதுகைக் காட்டிப் பூஜடை போட்டோ எடுக்க ஆசை என்றாளாம், அதற்கு ஐந்து வயசில் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு உண்மையில் உறுத்துவது சாப்பாடுதான். பாப்பா சோறு தொடுவதில்லை, நாள் முழுக்க பாட்டில் பால்தான் என்றாய். பாலில் இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, அது வயிற்றையும் அடைத்துவிடுகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் 6 மாசம் முதல் 5 வயசு வரையான பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 57 சதவீதம். நம் பாப்பா அதில் இருக்கிறாளோ என்னவோ, ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடும், உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல். பாலை அரை லிட்டருக்குள் குறை, பாட்டிலை ஒழி. முட்டை, ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), பருப்போடு முருங்கைக்கீரை, மேலே கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து. இதனால் முடி வளர்ந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, ரத்தசோகை இருந்தால் பிள்ளையின் மூளைக்கும் பசிக்கும் அது கெடுதல், அதற்காகவே பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும் என்றால், வட்டமாக வழுக்கை விழுந்தால், தலையில் செதிலோ சீழோ வீக்கமோ இருந்தால் (அது படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு மேலே தடவுகிற மருந்து மட்டும் போதாது), முடி பாதியில் ஒடிந்துகொண்டே இருந்தால், லேசாக இழுத்ததும் வலிக்காமல் கொத்தாகக் கையோடு வந்தால். பல் வரத் தாமதமாகி, நகமும் சரியில்லாமல், வெயிலில் வியர்வையே வராமல் இருந்தாலும் காட்டியாக வேண்டும். எடை ஏறாமல் மந்தமாக இருந்தால் தைராய்டும் பார்ப்பார்கள். நீ அனுப்பியதில் இப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை, ஆனாலும் நான் டாக்டர் இல்லை, ரத்தப் பரிசோதனைக்குப் போகிறபோது குழந்தை மருத்துவரிடம் தலையையும் ஒரு தடவை காட்டிவிடு.

உன் மாமியாரிடம் நீ எதுவும் பேச வேண்டாம், நீ பேசினால் சண்டையில்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மூடியதும் நானே போன் போடுகிறேன், அதுவரைக்கும் மொட்டைக்கு நாள் குறிக்காமல் பார்த்துக்கொள்.

அக்கா